இரண்டு நிமிடம் நிற்காமல் பேச… ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வு: வாசகர் கேள்விகள்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வு பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங் பகுதி பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, சில கேள்விகளைச் சுருக்கி இங்கே தந்திருக்கிறோம். தேர்வின் அமைப்பு தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வரி: மொத்தம் 11 முதல் 14 நிமிடம், பார்ட் 1 உங்களைப் பற்றிய சின்னச் சின்னக் கேள்விகள், 4–5 நிமிடம், பார்ட் 2 கையில் ஒரு கியூ கார்டு (பேச வேண்டிய பொருள் எழுதிய அட்டை), 1 நிமிடத் தயாரிப்பு, 1–2 நிமிடப் பேச்சு, பார்ட் 3 அதே பொருளை ஒட்டிய விவாதம், 4–5 நிமிடம். அகாடமிக், ஜெனரல் என்ற இரு தேர்வு வகைக்கும் பேச்சுத் தேர்வு ஒன்றுதான்.

கேள்வி: தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. பேசிப் பழக ஆள் கிடையாது. தினமும் கண்ணாடி முன் நின்று அரை மணி நேரம் பேசுகிறேன். போதுமா?

பதில்: கண்ணாடி முகத்தைத்தான் காட்டும். பேசும்போது நம் தவறு நம் காதில் விழுவதில்லை. மனம் அதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தேடப் போய்விடுகிறது. அதனால் செல்போனில் பதிவு செய்யாத பயிற்சியில் பாதி வீண் என்றே சொல்வோம்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கியூ கார்டை எடுத்து, 1 நிமிடம் குறிப்பு எழுதி, 2 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் தடவை பேனாவைத் தொடாமல் முழுக்கக் கேளுங்கள். எரிச்சலாக இருக்கும், எல்லோருக்கும் தன் குரல் அப்படித்தான். இரண்டாவது தடவை முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பேசியது பேசியபடி தாளில் இறக்குங்கள். ‘அம்’, ‘ஆக்சுவலி’, பாதியில் விட்ட வாக்கியம் எதையும் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். நூறு, நூற்றிருபது சொல் வரும். பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஒலியைத் தானே எழுத்தாக மாற்றும் செயலிகளை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். நீங்கள் விழுங்கிய ‘ஸ்’-ஐயும் ‘எட்’-ஐயும் அவை பல நேரம் தாமாகவே சேர்த்து, அழகாக்கிக் காட்டிவிடும்.

பிறகு அந்தத் தாளில் மூன்றைக் குறியுங்கள். 2 நொடிக்கு மேல் நின்ற இடத்தில் ஒரு சாய்கோடு. வினைச்சொல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு. மூன்று முறைக்கு மேல் வந்த சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். சாய்கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விழுந்தால் கவலையில்லை, அது யோசனை. ‘இன் த…’ என்று சொல்லிவிட்டு நின்று ‘…கிச்சன்’ என்றால் அது சொல் கிடைக்காத தடுமாற்றம். மதிப்பெண் விளக்கத்திலேயே இந்த வேறுபாடு உண்டு: மேல் பேண்டுகளில் (மதிப்பெண் படிகளில்) இருப்பவர் கருத்துக்காக நிற்கிறார், கீழே இருப்பவர் சொல்லுக்காகவும் இலக்கணத்துக்காகவும் நிற்கிறார்.

குறித்த பிழைகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதே கார்டை உடனே திரும்பப் பேசுங்கள். மறுநாள் காலை மூன்றாவது முறை. ஒரு நாளைக்கு இரண்டு கார்டு தாராளம். பத்து கார்டு பேசி ஒன்றையும் கேட்காதவர் தன் பிழையைப் பத்து முறை உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

நான்காவது வாரத்திலிருந்து இன்னொன்று சேர்க்கலாம். ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், அடுத்து 3 நிமிடம், அடுத்து 2 நிமிடத்தில் சொல்வது. எதையும் குறைக்கக் கூடாது, நேரம்தான் குறையும். மூன்றாவது சுற்றில் சொற்கள் தேடாமலே வருவதை நீங்களே கேட்பீர்கள்.

கேள்வி: பழைய கேள்விகளைத் திரட்டி அறுபது பதில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். தேர்வில் அதே கேள்வி வந்தால் சொல்லலாமா?

பதில்: எக்ஸாமினர் கண்டுபிடித்துவிடுவார், அதற்குத் தந்திரம் எதுவும் வேண்டாம். மனப்பாடப் பதிலில் வேகம் திடீரென்று ஏறும், குரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகும், அதுவரை ‘ஐ லைக் வெரி மச்’ என்றவர் வாயிலிருந்து மூன்று வரி நீளமுள்ள அணிவகுப்பு வாக்கியம் வரும். அடுத்த கேள்வி கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் பழைய தடுமாற்றம் திரும்பிவிடும். ஒப்பித்த பேச்சு உங்கள் ஆங்கிலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படாது. அறுபது பதிலுக்குக் கொட்டிய உழைப்பு அப்படிப் போகிறது.

மனப்பாடத்துக்கு உரியது வேறு. ஒன்று, சொற்கோவைகள்: ‘ஐ எண்டட் அப் பையிங்’, ‘இட் டுக் மீ ஏஜஸ் டு’, ‘த திங் ஐ ரிமெம்பர் மோஸ்ட் இஸ்’ போல எந்தப் பேச்சிலும் ஒட்டும் துண்டுகள். இரண்டு, உங்கள் சொந்த அனுபவங்களின் கிடங்கு. எட்டு போதும்: ஒரு பயணம், ஒரு தோல்வி, ஒரு பொருள், ஒரு பெரியவர், ஒரு நண்பர், ஒரு இடம், கற்றுக்கொண்ட ஒரு திறமை, ஒரு முடிவு. எட்டையும் ஐந்தைந்து கோணத்தில் பேசிப் பழகுங்கள். நீச்சல் கற்ற கதை ‘கடினமாக இருந்த செயல்’, ‘உங்களுக்குக் கற்றுத்தந்தவர்’, ‘நீர்நிலை அருகே ஓர் இடம்’, ‘பெருமைப்பட்ட நாள்’ நான்குக்கும் பொருந்தும். கதை தெரிந்தது என்பதால் மூளைக்கு மிச்சமாகும் சக்தி மொழிக்குப் போகிறது. பொய் சொல்லலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். உண்மையா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் பொய்யை உருவாக்குவதும் ஆங்கிலத்தை உருவாக்குவதும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை.

கேள்வி: பார்ட் 2-ல் ஐம்பது நொடியில் எனக்கு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. மீதி நேரம் எக்ஸாமினர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: பலருக்கும் இதே இடத்தில்தான் வண்டி நிற்கிறது, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கார்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘நீங்களே பழுது பார்த்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். அது என்ன பொருள், அதில் என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தீர்கள், பிறகு எப்படி உணர்ந்தீர்கள்.’ தீர்ந்துபோகிறவர் என்ன செய்கிறார்? நான்கையும் நான்கு கேள்வியாகப் பார்த்து நான்கு வாக்கியம் சொல்கிறார். நாற்பது சொல், இருபத்தைந்து நொடி. அப்புறம் முதலிலிருந்து சுற்றி வருகிறார்.

நிமிடத்துக்கு 120 சொல் என்ற நிதானமான வேகத்தில் 2 நிமிடத்துக்கு 240 சொல் தேவை. அத்தனையையும் ஒரு நிமிடத்தில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. முழு வாக்கியம் எழுதத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்தில் நேரம் முடியும், பிறகு அதை வாசிக்கவும் செய்வீர்கள். தாளில் இவ்வளவே போதும்:

டேபிள் ஃபேன் – ஓல்ட் – ஸ்டடி ரூம்
நாய்ஸ், ஸ்லோ – ஹாட் நைட்
4 ஸ்க்ரூஸ் – டஸ்ட் – ஆயில் – 1 லெஃப்ட் ஓவர்!
ஸ்டில் ரன்ஸ் – நவ் ஐ ட்ரை ஃபர்ஸ்ட்

மூன்றாவது வரியைப் பாருங்கள். எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரு திருகு கையில் மிஞ்சியது என்ற சின்ன விவரம் மட்டும் நான்கு வாக்கியம் தரும்: எங்கே தேடினீர்கள், மறுபடி கழற்றினீர்களா, கடைசியில் அது எங்கே போக வேண்டியது, ஃபேன் அது இல்லாமலே ஓடியதா. ‘ஐ ரிப்பேர்டு இட் கேர்ஃபுலி’ என்ற பொதுவாக்கியம் ஒரு நொடிகூடத் தராது. எனவே குறிப்பெழுதும்போது ஒரு வரியிலாவது, உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாத ஒரு விவரம் இருக்கட்டும்.

நேரத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். முதல் வரிக்கு 20 நொடி, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 45, கடைசிக்கு 30. இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது. முதல் வரி ‘யூஸ்டு டு’ கேட்கும், நடு இரண்டு வரிகள் இறந்தகாலம், கடைசி வரி ‘ஹேஸ் பீன் ரன்னிங்’ என்றும் ‘நவ் ஐ ட்ரை’ என்றும் நிகழ்காலத்துக்கு வரும். இலக்கண வகைக்குக் கிடைக்கும் மதிப்பெண் கார்டின் வடிவத்திலேயே ஒளிந்திருக்கிறது. தனியாகக் கஷ்டமான வாக்கியம் தேட வேண்டியதில்லை.

அப்படியும் காலியானால் கைவசம் மூன்று கதவு வைத்திருங்கள். ‘அதற்கு முன் நான் எப்படி இருந்தேன், இப்போது எப்படி’ என்ற ஒப்பீடு. ‘அன்று சரி ஆகாமல் போயிருந்தால்’ என்ற கற்பனை. ‘இஃப் இட் ஹேட்ன்ட் வொர்க்ட், ஐ வுட் ஹேவ்…’ தானாக வந்து விழும். ‘வீட்டில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்’. ஒவ்வொன்றும் 15 நொடி தாங்கும். கார்டையும் குறிப்பையும் பேசும்போது பார்க்கலாம், அதில் தவறே இல்லை. 2 நிமிடம் ஆனதும் எக்ஸாமினர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் அது குறை அல்ல. நேரம் முடிந்தது, அவ்வளவுதான். முடிவுரை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு அதை எப்போது சொல்வது என்று தவிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

கேள்வி: பார்ட் 1-ல் எவ்வளவு நீளம் பேச வேண்டும்? ‘யெஸ், ஐ லைக் குக்கிங்’ என்றால் போதாது என்கிறார்கள். நீளமாகப் பேசினால் நடுவில் வெட்டுகிறார்கள்.

பதில்: இரண்டிலிருந்து நான்கு வாக்கியம். நேரக் கணக்கில் 10 முதல் 20 நொடி. விடை, அதற்கு ஒரு காரணம், ஒரு குறிப்பான விவரம், அவ்வளவுதான். ‘நாட் ரியலி. ஐ கேன் மேக் ஆம்லெட்ஸ் அண்ட் தட்ஸ் அபவுட் இட், பிகாஸ் மை சிஸ்டர் டஸ் மோஸ்ட் ஆஃப் த குக்கிங்.’ இது நல்ல பதில். பிடிக்காது என்று சொல்வதற்குத் தயங்காதீர்கள். பிடிக்காத விஷயம் பிடிப்பதாகச் சொன்னவர் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார். வெட்டினால் கவலைப்படாதீர்கள். எக்ஸாமினருக்கு 5 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

கேள்வி: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்கிறேன். அதற்குள் நேரம் போய்விடுகிறது. ஆங்கிலத்திலேயே யோசிக்க வழி உண்டா?

பதில்: ‘ஆங்கிலத்திலேயே யோசியுங்கள்’ என்ற அறிவுரை காதுக்கு நன்றாக இருக்கும், ஆனால் எப்படி என்று யாரும் சொல்வதில்லை. சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது உதவும். தமிழில் நாம் காரணங்களை அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றைக் கடைசியில் வைக்கிறோம். ‘தனியாகப் போனால் பேச்சுத்துணை இருக்காது, உடம்புக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் நாலு பேரோடு போவதுதான் எனக்குப் பிடிக்கும்.’ இதை மனதில் கட்டிவிட்டு ஆங்கிலத்தில் திறந்தால், நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது வாக்கியத்தின் வால் பகுதியில் இருக்கிறது. அதைப் பிடிக்க ஓடும் நேரம்தான் அந்த மௌனம்.

எனவே முதல் மூன்று சொல்லுக்குள் தீர்ப்பு என்று ஒரு விதி வையுங்கள். ‘வித் அதர்ஸ், டெஃபினட்லி.’ பிறகு காரணம். பழைய கேள்விகளிலிருந்து இருபதை எடுத்து, தீர்ப்பை மட்டும் ஒவ்வொன்றுக்கும் 2 நொடிக்குள் சொல்லிப் பழகுங்கள், காரணம் வேண்டாம். ஒரு வாரம் செய்தால் போதும், பதில் திறக்கும் திசை மாறும்.

அடுத்தது பெயரெச்சம். ‘நேற்று வாங்கிய பேனா’ என்பதில் பேனா கடைசி; ‘த பென் தட் ஐ பாட் யெஸ்டர்டே’ என்பதில் அது முதல். ‘எனக்குக் கற்றுத்தந்த ஆசிரியர்’, ‘மழையில் நனைந்த புத்தகம்’, ‘பக்கத்து வீட்டில் குடியிருந்த மனிதர்’ என்று தினமும் பத்துத் துண்டுகளைத் திருப்பிப் போட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுத வேண்டாம், வாயால் மட்டும். 3 நிமிட வேலை. ‘தட்’, ‘ஹூ’, ‘வேர்’ வைத்த நீள வாக்கியங்கள் இப்படித்தான் கைக்கு வரும்.

கேள்வி: பிரிட்டிஷ் உச்சரிப்பு இல்லாவிட்டால் மதிப்பெண் குறையுமா? வீடியோக்களைப் பார்த்து மாற்ற முயல்கிறேன்.

பதில்: குறையாது. எந்த நாட்டு உச்சரிப்பு என்று பார்ப்பதில்லை; சிரமமில்லாமல் புரிகிறதா, அழுத்தமும் ஏற்ற இறக்கமும் பொருளுக்கு உதவுகின்றனவா என்றே பார்க்கிறார்கள். கடன் வாங்கிய உச்சரிப்பு முதல் 3 நிமிடம் தாங்கும், பார்ட் 3-ல் கழன்றுவிடும். நம் தமிழ் நாக்கு உண்மையில் தடுக்கும் இடங்கள் சிலவே. அவற்றைச் சரிசெய்யுங்கள்.

சொல்லின் தொடக்கத்தில் எ, ஒ வந்தால் நாம் அறியாமல் ஒரு ய், வ் ஒட்டிக்கொள்கிறது: ‘எவ்ரி’ ‘யெவ்ரி’ ஆகிறது, ‘ஓன்லி’ ‘வோன்லி’ ஆகிறது. சொல் முடிவில் ஓர் உகரம்: ‘புக்கு’, ‘பஸ்ஸு’. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசை கூடுவதால் வாக்கியத்தின் தாளமே போய்விடுகிறது.

பெரிய சிக்கல் க, ச, ட, த, ப. தோளில் மாட்டும் பேக், முதுகு என்று பொருள்படும் பேக், மூட்டை கட்டும் பேக் மூன்றையும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். பேச்சிலும் அப்படியே ஆனால் கேட்பவர் குழம்புவார். உள்ளங்கையை உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் வையுங்கள். மூட்டை கட்டும் சொல்லின் முதல் எழுத்துக்குக் காற்று கையில் அடிக்க வேண்டும், மற்ற இரண்டுக்கும் அடிக்கக் கூடாது. தோள் பைக்கும் முதுகுக்கும் வேறுபாடு முடிவில்: தோள் பையில் உயிரொலி கொஞ்சம் நீளும், முதுகில் சட்டென்று வெட்டுப்படும். ‘ஈஸி’, ‘பிஸி’, ‘பிகாஸ்’ ஆகியவற்றின் ‘ஸ்’ அதிர வேண்டியது. தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது அழுத்தம். தமிழில் அசைகள் ஏறக்குறைய சம எடையில் நடக்கும். ஆங்கிலத்தில் ஒன்று மேலே தூக்கும், மற்றவை தாழும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில் ஏறும், ‘ஃபோட்டோகிராஃபர்’ இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். ஒரு ரப்பர் பேண்டை இரு கட்டைவிரலில் மாட்டி, ஏறும் அசையில் இழுத்து மற்றதில் விடுங்கள். சிறுபிள்ளை விளையாட்டு போலத் தெரியும். வேலை செய்யும்.

நமக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. குறில் நெடில் வேறுபாடு பிறவியிலேயே தெரியும் என்பதால் ‘ஷிப்’, ‘ஷீப்’ குழப்பம் பல மொழிக்காரர்களைப் போல நம்மைப் படுத்துவதில்லை.

கேள்வி: எழுதும்போது இலக்கணப் பிழை வருவதில்லை, பேசும்போது வருகிறது. ஏன்?

பதில்: எழுதும்போது திரும்பிப் பார்க்க நேரம் இருக்கிறது. பேச்சில் வரும் பிழைகள் எண்ணிக்கையில் அதிகம், வகையில் குறைவு. உங்கள் பதிவை எழுதிப் பார்த்தால் ஐந்தாறு வகைக்கு மேல் இராது. நாம் அதிகம் கேட்பவை: ‘மை மதர் ஷி இஸ் எ டீச்சர்’ என்று எழுவாயை இரண்டு முறை சொல்வது, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’, ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’. இவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, பதிவைக் கேட்கும்போது கோடு போட்டு எண்ணுங்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது இறந்தகாலம். கதை ‘வென் ஐ வாஸ் இன் ஸ்கூல்’ என்று சரியாகத் தொடங்கும், மூன்றாவது வாக்கியத்தில் ‘வி கோ டு த லைப்ரரி’ என்று சறுக்கும். கதையில் மூழ்கிய மனம் காட்சியை இப்போது நடப்பதாகப் பார்ப்பதுதான் காரணம். கதையைப் பேசுமுன் அதில் வரும் பன்னிரண்டு வினைகளை இறந்தகாலத்தில் பட்டியல் போடுங்கள். பிறகு பேசும்போது ஒவ்வொரு வினைக்கும் ஒரு விரலை மடக்குங்கள். மடக்கும் அந்தக் கணம் கவனத்தை வினைமேல் வைக்கும். நான்கைந்து கதைக்குப் பிறகு விரல் தேவைப்படாது.

பேசும்போது பிழை தெரிந்தால் ஒரு முறை, சட்டென்று திருத்திவிட்டு நகருங்கள். ‘சாரி, சாரி’ என்று மூன்று முறை திரும்பிப் போனால் சரளத்தில் இழப்பது இலக்கணத்தில் மீட்டதைவிட அதிகம்.

கேள்வி: ‘குட்’, ‘நைஸ்’ என்ற சொற்களைத் தவிர்த்துப் பெரிய சொற்கள் போட வேண்டுமா?

பதில்: ‘ப்ளெத்தோரா’, ‘க்வின்டெசென்ஷியல்’ பட்டியல்களைக் கிழித்துப் போடுங்கள். தேவைப்படுவது அரிய சொல் அல்ல, பொருளுக்குப் பொருத்தமான சொல். ஃபேன் பற்றிப் பேசும்போது ‘பிளேட்’, ‘டைட்டன்’, ‘ரஸ்டி’, ‘ஸ்க்வீக்’ என்பவையே மதிப்பெண். ஒரு சொல் கிடைக்காவிட்டால் சுற்றிச் சொல்லுங்கள்: ‘த ஸ்மால் டூல் யூ யூஸ் டு டர்ன் ஸ்க்ரூஸ்’. இப்படிச் சமாளிப்பதையும் ஒரு திறமையாகவே எண்ணுகிறார்கள்.

கேள்வி: பார்ட் 3 கேள்விகளுக்குத் தமிழிலேயே எனக்குக் கருத்து இல்லை. என்ன பேசுவது?

பதில்: கருத்து சரியா தவறா என்று மதிப்பிடுவதில்லை, அறிவுச் சோதனை இது இல்லை. கருத்தே இல்லாதபோது கேள்வியைப் பிரிப்பதுதான் வழி: யாருக்கு, எப்போது, எந்த மாதிரிப் பொருளுக்கு. மேலே பார்த்த ஃபேன் கார்டைத் தொடர்ந்து ‘மக்கள் ஏன் பழுது பார்க்காமல் தூக்கி எறிகிறார்கள்?’ என்று வரலாம். ‘இட் டிபென்ட்ஸ் ஆன் த திங்’ என்று தொடங்கி, மின்னணுப் பொருள் ஒரு வகை, மரச்சாமான் ஒரு வகை என்று பிரியுங்கள். முதல் வகைக்குக் காரணம்: பாகங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன, திறக்கவே முடியாது. ஓர் உதாரணம்: செல்போன் பேட்டரி. பிறகு ஒரு மறுப்பு: நாற்காலியின் கால் ஆடினால் இன்றும் பலர் சரிசெய்கிறார்கள். ஐந்தாறு வாக்கியம் ஆகிவிட்டது, 40 நொடி கடந்துவிட்டது. ‘ஐ’ என்று உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காமல் ‘பீப்பிள்’, ‘மோஸ்ட் கம்பெனீஸ்’ என்று பொதுவுக்குப் போவது இந்தப் பகுதிக்குத் தேவை.

கேள்வி புரியாவிட்டால் கேளுங்கள்: ‘டு யூ மீன்…?’ மதிப்பெண் போகாது. புரிந்ததுபோல் தலையாட்டி வேறு எதையோ பேசினால்தான் போகும். யோசிக்க நேரம் வேண்டுமானால் ‘ஐ ஹேவ்ன்ட் தாட் அபவுட் தட் பிஃபோர்’ ஒரு முறை சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ‘தட்ஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் க்வெஸ்ச்சன்’ என்று தொடங்கினால் கோச்சிங் சென்டர் வாசனை அடிக்கும்.

கேள்வி: லிசனிங் 7, ரீடிங் 6.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6. மொத்தம் 6.5 என்று வந்தது. 7 வேண்டும். எதில் உழைப்பது?

பதில்: உங்கள் கூட்டுத்தொகை 26, சராசரி 6.5. ஸ்பீக்கிங் மட்டும் 7 ஆனால் தொகை 27, சராசரி 6.75, அது 7 ஆக ஏற்றப்படும். ஆக உங்களுக்கு ஸ்பீக்கிங்தான். அதில் சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்குக்கும் சம எடை. இலக்கணத்தை மட்டும் பிடித்துத் தொங்குவது நான்கில் ஒரு பங்குக்கான வேலை. கணினி வழியில் எழுதியிருந்தால், ஒரே ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதும் வசதி பல மையங்களில் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் அந்த மதிப்பெண்ணை ஏற்குமா, பகுதிவாரியாகக் குறைந்தபட்சம் கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பி.டி.இ. என்ற கணினி வழி ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். இதே பயிற்சி உதவுமா?

பதில்: அடிப்படை உதவும், பழக்கம் வேறு. அங்கே நீங்கள் பேசுவது இயந்திரத்திடம். 3 நொடி மௌனமானால் மைக் மூடிக்கொள்ளும், திரும்பத் திறக்காது. எனவே அழகாக யோசித்து நிற்பது அங்கே ஆகாது. படத்தை விவரிக்கும் கேள்வியில் 25 நொடி பார்க்கவும் 40 நொடி பேசவும் உண்டு. அந்த இரண்டு நேரத்தையும் கடிகாரம் வைத்தே பழகுங்கள்.

கேள்வி: நண்பர் எக்ஸாமினராக உட்காரச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

பதில்: முதலில், நடுவில் திருத்தக் கூடாது. ஒரு முறை திருத்தினால் அடுத்த பத்து வாக்கியமும் அவர் முகத்தைப் பார்த்தே வரும். கேள்விகளை நீங்கள் பார்க்காமல் அவரே தேர்ந்தெடுக்கட்டும். பார்ட் 3-ல் ‘ஏன்?’, ‘எல்லோருக்குமா?’ என்று குடையட்டும். கையில் கடிகாரம், ஒரு தாள். தாளில் இரண்டு மட்டும் எழுதினால் போதும்: எந்த இடத்தில் புரியவில்லை, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. இலக்கணத்தை நீங்கள் பதிவில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அவர் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, ‘குட்’ சொல்லக் கூடாது. உண்மையான எக்ஸாமினர் எழுதிவைத்த கேள்விகளை நேரத்துக்குள் முடிக்கும் வேலையில் இருப்பார். சில நேரம் நீங்கள் பேசும்போதே கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த உணர்ச்சியில்லாத முகத்தைத் தேர்வறையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர், தாம் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து நல்ல பதிலைப் பாதியில் விட்டுவிடுகிறார். நண்பர் எதிரே நான்கைந்து முறை அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.